எங்கள் தெருவில் தூசியே இல்லை

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறீர்களா? பாதி போதாது, முழுக்க. புழுக்கமாக இருக்கும், தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டில் பட்டுப்புடவையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் மகள். ஈஸ்வரி. ஏழாம் மாதம். இன்றைக்குக் காலையில்தான் செவலூரில், அவள் மாமியார் வீட்டில், வளைகாப்பு முடிந்தது. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்.

மடியில் விடைத்தாள் கட்டு வைத்திருக்கிறீர்களே, டீச்சரா? நல்லதாகப் போயிற்று. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள், செவலூரில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா? உறவு, சிநேகிதம், கூட வேலை பார்க்கிறவர்கள்? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். பேச்சியம்மாள் என்று, உரக்கடை வீட்டு அம்மா. தெரியாதா? சரி. தெரியாதவரைக்கும் நல்லது.

மெதுவாகப் பேசுவோம். இவள் தூங்குகிறாள். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது. அந்தச் சத்தத்துக்காகத்தான் பஸ்ஸிலேயே ஏறினேன். வளைகாப்புக்கு வந்த எங்கள் உறவுக்காரப் பெண்கள் எல்லாரும் வேனில் போகிறார்கள். "பிள்ளைத்தாச்சியை பஸ்ல கூட்டிட்டுப் போறியே, உனக்கென்ன கிறுக்கா?" என்று ஏசினார்கள். வேன் குலுங்கும், பஸ்தான் மெத்தென்று போகும் என்று சொல்லிவிட்டேன். உண்மை அதில்லை. வேனுக்குள் அத்தனை பேருக்கு நடுவில் இவளுக்கு ஒரு இழுப்பு வந்தால் அடுத்த சீட்டுக்குக் கேட்கும். பஸ்ஸில் யாருக்கு என்ன கேட்கப் போகிறது?

ஆமாம், இழுப்புத்தான். வீசிங். சின்ன வயதிலிருந்தே உண்டு. சொல்லிவிட்டேன் பாருங்கள் உங்களிடம். மாமியார் வீட்டில் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது, "பனி மட்டும் கொஞ்சம் ஆகாது" என்றேன். அது பொய்யில்லையே. பனி ஆகாதுதானே?

எங்கள் தெருவை நீங்கள் பார்த்ததில்லை. மேட்டுத்தெரு. அழகான தெரு டீச்சர். இரண்டு பக்கமும் வீடுகள், முக்கில் ஒரு மாவு மில், நடுவில் புங்கமரங்கள். பஜாருக்குள் லாரி நுழைந்து நுழைந்து ஊரே திணறுகிறது, அதனால் ஒரு தெருவை அகலமாக்கி லாரிகளை அந்த வழியாக விடப்போகிறோம் என்று நகராட்சி சொன்னது. இரண்டு வழி பார்த்தார்கள். ஒன்று குளத்துக்கரை. இன்னொன்று எங்கள் தெரு. சும்மா வந்து ரோடு போட்டுவிட முடியாதாம். காற்று, சத்தம், மரம், மனிதர்களின் உடம்பு எல்லாவற்றையும் முதலில் ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். பிறகு ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். சட்டமாம்.

அதற்காக ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் மொட்டை மாடியில் வைத்தார்கள். நாள் முழுக்க உர்ரென்று உறுமிக்கொண்டே இருக்கும். "காத்துல எவ்வளவு தூசி இருக்குன்னு இது புடிச்சு வச்சுக்கும்மா. ஒரு வாரம் இருக்கட்டும்" என்று அந்தப் பையன்கள் சொன்னார்கள்.

நான் அன்றைக்கே யோசித்தேன். தூசி பிடித்த தெரு என்று அரசாங்கமே எழுதிவிட்டால்? அதை ஊர் முழுக்க வாசித்துவிட்டால்? நாளைக்கு எவன் இந்தத் தெருவில் பெண் எடுப்பான்? பெண் கொடுப்பான்? எதிர்வீட்டு மரியபுஷ்பத்துக்கு மூன்று பெண் பிள்ளைகள், ஒன்றுக்கும் இன்னும் ஆகவில்லை. அவளிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கும் முகம் வெளுத்துவிட்டது.

அப்புறம் என்ன செய்தோம் என்கிறீர்கள்? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை எப்படி வைத்திருப்போம்? அப்படி வைத்தோம் தெருவை. காலை, மதியம், சாயங்காலம் என்று வாசல் தெளித்தோம். வாசல் மட்டுமில்லை, நடுரோடு வரைக்கும். மாவு மில் தவசிக்கண் அண்ணாச்சியைக் கெஞ்சி மில்லை அடைக்கச் சொன்னேன்.

"ஏம்மா, பெட்டிதான வந்திருக்கு? கலெக்டரா வந்திருக்காரு?" என்றார்.

"கலெக்டர் வந்தா பாத்துட்டுப் போயிருவாரு அண்ணாச்சி. இது புடிச்சு வச்சுக்குமாம்" என்றேன். அடைத்துவிட்டார்.

எங்கள் தெருப் பையன்கள் முக்கில் தார் டின்னை உருட்டிவைத்து வண்டிகளைச் சுற்றிப்போக விட்டார்கள். யாரும் மிளகாய் வறுக்கவில்லை, குப்பை கொளுத்தவில்லை. மரியபுஷ்பம் ஒரு படி மேலே போய் புங்கமரத்து இலைகளையெல்லாம் ஹோஸ் பைப்பால் கழுவிவிட்டாள். அந்த வாரம் எங்கள் தெருவில் மூச்சு விட்டால் மலையில் விட்ட மாதிரி இருந்தது. பெட்டியை எடுக்க வந்த பையனே, "என்னக்கா, ஊட்டி மாதிரி இருக்கு!" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுக்குக் காப்பி கொடுத்தேன்.

வீடு வீடாக ஒரு பெண்ணும் வந்தாள். கண்ணாடி போட்ட நல்ல பெண். "வீட்டுல யாருக்காச்சும் மூச்சுத் தொந்தரவு உண்டாம்மா?" என்று கேட்டாள். உள்ளே ஈஸ்வரி படுத்திருந்தாள். முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்து, நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். "இல்லை" என்றேன். அந்தப் பெண் எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கிருந்தும் அவள் போனதும் நான் வாசலிலிருந்தே மரியபுஷ்பத்திடம் சாடையில் கேட்டேன். அவளும் இல்லை என்று சொல்லிவிட்டதாகக் கையை விரித்துக் காட்டினாள். அவள் நடுப்பெண்ணுக்கு மார்கழி முழுக்க ஆஸ்பத்திரிதான், டீச்சர். தெருவில் எல்லாரும் இல்லை என்றுதான் சொன்னோம். ஒருத்தர்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி ஒற்றுமை.

அப்புறம் கல்யாண மண்டபத்தில் அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம். அன்றைக்குப் பார்த்து மதினி வந்து நின்றார்கள். மதினி என்றால் சம்பந்தியம்மாள், அந்தப் பேச்சியம்மாள். ஈஸ்வரி அப்போது மறுபடி வந்திருந்தாள், மருமகளுக்கென்று பழமும் பாதாம் பருப்பும் கொண்டுவந்திருந்தார்கள். வந்தவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகமுடியுமா? கூட்டிக்கொண்டு போனேன்.

அவர்களைக் கண்டால் எனக்குப் பயம். கல்யாணம் பேசின நாளிலிருந்தே பயம். பெருமை பிடித்தவர்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு சாம்பிராணி போட்டு வைத்திருந்தேன். உள்ளே கால் வைத்ததுமே மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "அதை எடுத்துருங்களேன்" என்றார்கள். முதல் வார்த்தையே அது. நிச்சயதார்த்தச் சாப்பாடு மாடியில். எல்லாரும் ஏறினார்கள், இவர்கள் மட்டும் ஏறவில்லை. "எனக்குக் கீழயே ஒரு இலை போட்டுருங்க" என்றார்கள். எங்கள் வீட்டு மாடிப்படி அவர்கள் காலுக்கு ஆகாது போலிருக்கிறது. கல்யாணத்தில் ஹோமம் நடந்துகொண்டிருக்கும்போது பையனைப் பெற்ற இவர்கள் மண்டபத்துக்கு வெளியே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது செய்வார்களா? இப்போது வளைகாப்புக்குப் போய் அங்கே தங்கினேனே, விடிகாலையில் பார்க்கிறேன், கட்டிலில் மூன்று தலையணையைச் சாய்த்து ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்?

கூட்டத்துக்கு வருகிறேன். மண்டபம் நிறைய ஜனம். மேடையில் அதிகாரிகள். சமோசா கொடுத்தார்கள். கம்பெனிக்காரர் மைக்கில் அறிக்கையை வாசித்தார். மேட்டுத்தெருவில் தூசி மிக மிகக் குறைவு. இரைச்சல் குறைவு. மூச்சு நோய் உள்ளவர்கள் யாரும் இல்லை. ஆகவே கனரக வண்டிகளை இந்த வழியே விடுவதால் பெரிய பாதிப்பு இருக்காது. எங்கள் ஜனங்கள் கை தட்டினார்கள். முதல் பாதிக்குத்தான் தட்டினார்கள், டீச்சர். அது அடுத்த பாதியிலும் விழுந்துவிட்டது.

தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குருசாமி சார் எழுந்தார். "ஐயா, என் சம்சாரத்துக்கு ஆஸ்துமா இருக்கு. லாரி விட்டா அவ தாங்க மாட்டா" என்றார்.

"கணக்கெடுப்புல அப்படி யாரும் இல்லைன்னு வந்திருக்கே? அப்ப சொல்லலையா?"

"அப்ப நாங்க மக வீட்டுக்குப் போயிருந்தோம்யா."

மேடையில் நடுவில் இருந்த அம்மா பெரிய அதிகாரி போலிருக்கிறது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "சார் சொல்றதைக் குறிச்சுக்கிறோம். ஆனா ஒருத்தர்தான்னா அது ஒருத்தர். நாலஞ்சு வீட்டுல இருக்குன்னா திட்டத்தையே மறுபடி பாக்கணும். குளத்துக்கரை வழியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால கூச்சப்படாம சொல்லுங்க. வேற யார் வீட்டுலயாச்சும் மூச்சுத் தொந்தரவு உண்டா? கையை மட்டும் தூக்கினாப் போதும்."

எங்கள் தெருவில் ஒருத்தரும் கை தூக்கவில்லை. நான் மரியபுஷ்பத்தைப் பார்த்தேன். அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மதினியைப் பார்த்தேன். அவர்கள் கை லேசாக எழுந்தது. என்னைப் பார்த்தார்கள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் எழுந்த கையைக் காதுக்குக் கொண்டுபோய்த் தோட்டைத் திருகிவிட்டுக்கொண்டார்கள். வைரத்தோடு. அந்த நேரத்திலும் தோடு!

 மேடையிலிருந்த அந்தம்மா இப்படித் துருவித் துருவிக் கேட்டால் யாராவது வாய்தவறி, "வேலம்மா மகளுக்கு இருக்கே" என்று சொல்லிவிடுவார்களே! எல்லாருக்கும் தெரியும், எங்கள் தெருவில். யாராவது வாயைத் திறக்குமுன் முடித்துவிட வேண்டும் என்று நானே எழுந்தேன். மைக்கைக் கொடுத்தார்கள்.

"அம்மா, எங்க தெருவுல தூசியே இல்ல. அப்படி ஒரு நோயும் எங்க தெருவுக்கே கிடையாது. பச்சப்புள்ளைகூட இருமாது" என்றேன்.

என்ன கைதட்டல் என்கிறீர்கள்! குருசாமி சார் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். பக்கத்தில் மதினி என் கையைப் பிடித்து, "நல்லாப் பேசுனீங்க" என்றார்கள். கை சில்லென்று இருந்தது.

பிறகு நடந்ததைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. இவ்வளவு சுத்தமான தெரு என்று அவர்களே எழுதினார்கள். சுத்தமான தெருவை யாராவது கெடுப்பார்களா? அவர்கள் கெடுத்தார்கள். புங்கமரங்களை வெட்டினார்கள். தெருவைத் தோண்டிப்போட்டார்கள். ஒரு பக்கம் தோண்டியிருக்கும்போதே மறுபக்கம் லாரியை விட்டார்கள். ஆடிக்காற்று வேறு. சோற்றில் மண், படுக்கையில் மண், சாமி படத்தில் மண். நகராட்சிக்குப் போய்க் கேட்டால், "நீங்கதானம்மா எந்தப் பாதிப்பும் இல்லைன்னீங்க? வீடியோ இருக்கு, பாக்குறீங்களா?" என்கிறான் அங்கே ஒருத்தன். அந்தப் பெட்டிதான் கோளாறான பெட்டி. அதை நம்பி இப்படிச் செய்துவிட்டார்கள். நாங்கள் அவ்வளவு ஒத்துழைத்தோம்!

குருசாமி சார் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கே போய்விட்டார். அவர் சம்சாரத்தை ஆட்டோவில் தூக்கி வைத்ததை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். வெளியே வரவில்லை.

அன்றையிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் கூட்டிவந்தாக வேண்டும். அந்த மண்ணுக்குள் இவளை எப்படிக் கொண்டுவந்து வைப்பேன்? கூட்டிவரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்களே. கேட்டால் என்ன சொல்வேன்?

இதில் இன்னொன்று கேளுங்கள். போன வாரம் மதினியே போன் செய்தார்கள். "மதினி, உங்க தெருவுல ரோட்டு வேலை நடக்காமே? ஒரே தூசியா இருக்குமே. பிரசவம் இங்கயே ஆகட்டுமே. வழக்கத்தை யாரு பாக்கா? புள்ள இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள்.

 எந்த மாமியாராவது இப்படிச் சொல்வார்களா? செலவெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்பார்களா? சோதிக்கிறார்கள், டீச்சர். யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். நான் "ஆமா மதினி, தூசி அவளுக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். நான் அவ்வளவு லேசில் மாட்டுவேனா?

"என்ன மதினி நீங்க! எங்க தெருவுல தூசியே இல்ல. தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கோம். அவளுக்கு அதெல்லாம் ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டேன்.

 அந்தப் பக்கம் அவர்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நிசமாத்தான் சொல்லுதீங்களா மதினி?" என்றார்கள். "சத்தியமா" என்றேன்.

அதற்குமேல் அவர்கள் என்ன செய்வார்கள்? இன்றைக்கு வளையல் போட்டு, திருநீறு பூசி அனுப்பிவிட்டார்கள். இவள் கிளம்பும்போது அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பார்க்கிறவர்கள் மெச்சட்டும் என்றுதான்.

என் வீட்டுக்காரர் முந்தியே போய்விட்டார். வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டி வைக்கிறேன் என்று. ஈரத்துணி போதுமா டீச்சர்? உங்களிடம் கேட்க நினைத்தது அதுதான். நீங்கள் படித்தவர்கள். ஈரத்துணி தூசியை நிறுத்துமா?

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?

இருங்கள். எழுந்துவிட்டாள். வளையல் சத்தம் கேட்கிறதா? இருமுகிறாள். ஒன்றுமில்லை, பஸ் நின்றதில் புகை அடித்திருக்கும். ஈஸ்வரி, ஏளா, தண்ணி குடி. முந்தானையை வாயில் வச்சுக்கோ. என்னது? மருந்தா? உறிஞ்சுகிற மருந்துதானே, எடுக்கிறேன். இந்தப் பையில்... இதில் இல்லை. இதிலும் இல்லை. ஐயோ. அங்கே யார் கண்ணிலும் படக்கூடாது என்று நேற்று முறுக்குப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தேன். பாத்திரம் வேனில் ஏறிப் போய்விட்டது. வேன் இந்நேரம் நமக்கு எவ்வளவோ முன்னால் போயிருக்கும்.

மெதுவா மூச்சு விடு கண்ணு. தோளைத் தூக்காத. மெதுவா. உதடு ஏன் இப்படி இருக்கிறது? டீச்சர், இங்கே வெளிச்சத்தில் பாருங்களேன், உதடு நீலமாகத் தெரிகிறதா, இல்லை எனக்குத்தான் அப்படியா?

என்ன சொல்கிறீர்கள்? மதினிக்குப் போன் செய்வதா? அவர்களுக்கா? நான் இவ்வளவு நேரம் எதற்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன்? அவர்களிடமும் அந்த மருந்து இருக்குமா? அவர்களிடம் எதற்கு இருக்கப் போகிறது?

சாம்பிராணி... ஆமாம், எடுக்கச் சொன்னார்கள். மாடிப்படி, ஹோமம், ஆமாம், அதெல்லாம் பெருமை. மூன்று தலையணையும்...

இருங்கள். இருங்கள் டீச்சர். கையைத் தூக்கினார்களே, அது தோட்டுக்காக இல்லையா?

கண்டக்டர்! கண்டக்டர் தம்பி! அடுத்த நிறுத்தத்துல நிறுத்துங்க. பிள்ளைத்தாச்சிக்கு முடியல. ஆமா, இங்கயே, ரோடு பிரியுற இந்த விலக்குலயே நிறுத்துங்க. ஷட்டரைத் திறக்கச் சொல்லுங்கள் எல்லாரையும். மூடியது போதும்.

செவலூரிலிருந்து நாம் வந்தது அதிக தூரமில்லை. அவர்கள் வீட்டில் கார் இருக்கிறது. இந்தாருங்கள் போன். 'மதினி' என்று இருக்கும், அதை அழுத்துங்கள். நீங்களே பேசுங்கள். நான் பேசினால் எங்கள் தெருவில் தூசியே இல்லை என்றுதான் வாய் வரும். அப்படிப் பழகிவிட்டது.

மணி அடிக்கிறதா? எடுத்துவிட்டார்களா? டீச்சர், சட்டென்று சொல்லிவிடாதீர்கள். முதலில் பஸ் நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். இல்லை, வண்டி ஏதோ ரிப்பேர் என்று...

இல்லை. வேண்டாம். மூச்சு என்று சொல்லுங்கள். உங்கள் மருமகளுக்கு மூச்சு முட்டுகிறது, அவள் பிறந்ததிலிருந்தே முட்டுகிறது, மருந்து கொண்டுவாருங்கள் என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்டாலும் பரவாயில்லை.